வீரமலைக் கங்காணியின் கிருமி

தோட்டத்து டிஸ்பென்சரி வேலை என்பது பாதி மருந்து, பாதி சந்தேகம். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த வேலையைப் பார்த்தவன் நான். மருந்து கலக்கத்தான் படித்தேன், தோட்டத்தில் அதற்கே டாக்டரய்யா என்று கூப்பிடுவார்கள். ஆனால் இருமுகிறவன் நிஜமாகவே இருமுகிறானா, நொண்டுகிறவன் போன வாரம் எந்தக் காலால் நொண்டினான் என்று பார்ப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எல்லா நோய்க்கும் நான் ஒரே சிவப்புத் தண்ணியைத்தான் ஊற்றிக் கொடுக்கிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம். அது முழுப் பொய்யும் இல்லை.

மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, இந்தப் பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள். எனக்கு வாய்த்தவர்களில் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அவரை நான் சந்தேகப்பட்டேன், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா சந்தேகப்பட்டார், அவர் பெண்டாட்டி சந்தேகப்பட்டார், கடைசியில் டாக்டரும் ஒரு தினுசாகச் சந்தேகப்பட்டார்.

நாடி பார்த்த கதை

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் லயத்து வீட்டில் படுக்க வேண்டுமானால் என்னிடம் நோய்த் துண்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். வீரமலை எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கங்காணி. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். பழைய கோட்டு, தலைப்பா, முறுக்கிவிட்ட மீசை. அவருடைய ஆட்களில் யாராவது என்னிடம் துண்டு கேட்டு வந்தால் பின்னாலேயே வந்து வாசலில் நிற்பார். நிஜமான நோய் என்றால் சும்மா நிற்பார். நடிப்பு என்றால் மீசையை ஒரு தடவு தடவுவார். நான் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் மீசையைத்தான் பார்ப்பேன்.

ஒரு நாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு தனியாக வந்தார். முதலில் இடுப்பு வலி என்றார். பிறகு அடிவயிறு என்றார். நான் மேசையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. மூத்திரம் போகும்போது எரிகிறதாம். நின்று நின்று வருகிறதாம். போய்விட்டு வந்து படுத்தால் திரும்பவும் முட்டுகிறதாம். ராத்திரி முழுக்க லயத்துக்கும் வெளிக்கும் நடையாக நடக்கிறாராம். இடையில் குளிர்காய்ச்சல் வேறு.

நீங்களாக இருந்தால் இரக்கப்பட்டிருப்பீர்கள். எனக்குத் தொழில் புத்தி விடவில்லை. கவ்வாத்து மும்முரமாக நடந்த சமயம், துரை பங்களாவிலிருந்து தினமும் அதட்டல் வந்துகொண்டிருந்தது. இவரும் துண்டுக்குத்தான் அடிபோடுகிறாரோ என்று நினைத்து, நாக்கை நீட்டச் சொன்னேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன், நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிக்கிறவன் அந்த இடத்தில் பொறுமை இழந்து உளறிவிடுவான். அந்த வித்தையை வாசலில் நின்று ஆயிரம் தடவை பார்த்தவர் அவர்.

கையை மெதுவாக உருவிக்கொண்டு சொன்னார்: "நடிக்கிறவனக் காட்டிக் குடுத்ததே நாந்தானுங்க டாக்டரய்யா. எங்கிட்டயேவா?"

கால் போத்தல்

மறுநாள் காலையில் முதல் மூத்திரத்தை ஒரு சுத்தமான போத்தலில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். லயத்தில் சுத்தமான போத்தல் என்றால் எது? சாராயம் வந்த கால் போத்தல்தான். அதைக் கழுவி, பிடித்து, தக்கையால் மூடி, கோட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

அந்த வாரம் பார்த்து, கவ்வாத்து மலையில் ஆட்கள் குளிருக்குச் சாராயம் போடுகிறார்கள் என்று யாரோ மூட்டிவிட்டிருந்தார்கள். கண்டாக்கையா, கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்து வளைவில் பதுங்கி நின்றார். கங்காணியின் கோட்டுக்குள் புடைப்பு தெரிந்ததும் நிறுத்தி, என்னது என்று கேட்டார். கங்காணிக்குச் சொல்ல வாய் வரவில்லை. பெண்கள் கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். பேசாமல் நின்றார். பேசாமல் நிற்கிறவனைத்தானே முதலில் சந்தேகப்படுவோம்! கண்டாக்கையா போத்தலைப் பிடுங்கி, தக்கையைத் திறந்து, மூக்கு முட்ட மோந்து பார்த்தார்.

போத்தல் என்னிடம் வந்து சேர்ந்தபோது சிந்தினது போகக் கால்வாசிதான் இருந்தது. அதுவே போதும். கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினால் கஞ்சியாகக் கலங்கிற்று. மிச்சத்தை லிந்துலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நுண்ணோக்கியில் பார்த்துச் சீழ் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். என் சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஆனால் கங்காணியின் மூத்திரம் சோதனைக்குப் போகிறது என்ற சேதி அதற்குள் ஸ்டோர், பெரட்டுக் களம், தண்ணீர் பிடிக்கும் பீலி என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. கண்டாக்கையா மட்டும் என்னிடம் வந்து, முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொண்டு முறையிட்டார்.

"உள்ள என்னா இருக்குன்னு மேல எழுதி ஒட்டியிருக்கலாமில்ல ஐயா?"

எனக்கும் குடுங்க

கங்காணியைக் கூப்பிட்டு, மூத்திரப் பாதையில் கிருமி இருக்கிறது, இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பெண்கள் வரிசையில் அவருடைய மனைவி அங்கம்மா நின்றதை நான் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் கிருமி என்ற சொல் வந்ததே ஒரு சுகாதார அதிகாரி மூலமாகத்தான். அவர் வந்து ஸ்டோர்ச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். ஹட்டன் டவுனுக்குப் போய் வழி தவறும் ஆண்களுக்கு என்ன வரும் என்று விளக்கினார். அந்த நோய்க்குப் பெயர் கிருமி நோய் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அன்றிலிருந்து வயிற்றுப்போக்குக்குக் காரணம் தண்ணீர், சளிக்குக் காரணம் பனி, கிருமிக்குக் காரணம் டவுன். ஜனங்கள் அதை பொம்பளச் சீக்கு என்பார்கள். அந்தச் சீக்கு வந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரே மாத்திரையைக் கொடுப்பதுதான் என்னுடைய வழக்கம். அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

அங்கம்மா அன்று வந்த மருந்தைக்கூட வாங்காமல் போனார். மறுநாள் வந்து, அமைதியாக, தனக்கும் அந்த மாத்திரை வேண்டும் என்றார். எனக்கு விளங்கிவிட்டது. கொடுத்தால், சந்தேகம் உறுதி. நான் சுதாரித்துக்கொண்டு, உனக்கு அவசியமில்லை அம்மா, இது வேறு வகை, மூத்திரம் தேங்கினால் தானாகவே வருவது என்று நல்ல விதமாகச் சொன்னேன். ராத்திரியெல்லாம் எழுந்து வெளியே போனதற்கும் இந்த நோய்தான் காரணம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. புருஷன் ராத்திரியில் எங்கே போகிறார் என்று அங்கம்மா மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்ததை முகத்திலேயே பார்த்தேன்.

"ஒரே பாயில கூடப் படுக்கிற எனக்கு வரல. அவருக்கு மட்டும் அந்தக் கிருமி எங்கேருந்துங்க வந்துச்சு?"

சூடம்

ஒரு வாரம் கழித்துக் கங்காணி வலது உள்ளங்கையில் வாழை இலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் தீப்புண். அடுப்பா, வெந்நீரா என்று கேட்டேன். மாரியம்மன் கோயிலில் சூடத்தை உள்ளங்கையிலேயே வைத்துக் கொளுத்திச் சத்தியம் செய்திருக்கிறார். தாலி கட்டியதிலிருந்து வேறொருத்தியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்று. அங்கம்மா கூடவே நின்று, சூடம் பாதி எரியட்டும் என்று சொல்லிவிட்டு, முழுக் கட்டியும் எரிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சமைப்பார், சோறு போடுவார், பேச மாட்டார். பாயைத் தனியாக விரித்துக்கொண்டார். கல்யாணம் கட்டிக்கொடுத்த இரண்டு மகள்களும் அப்பாவைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கைக்கு மருந்து கட்டிக்கொண்டே, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். பெண்டாட்டி சந்தேகப்பட்ட அன்றைக்கே நிறுத்திவிட்டேன் என்றார். கோட்டுப் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை அப்படியே எடுத்து என் மேசைமேல் வைத்தார். எரிச்சல் குறைந்ததா என்றால், இல்லை, கூடியிருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். நோயாளிகள் மருந்தை நிறுத்த ஆயிரம் காரணம் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். கசக்கிறது, சூடு, தலை சுற்றுகிறது. இந்தக் காரணத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, பெரிய நியாயத்தைச் சொல்கிறவர்போல் சொன்னார்.

"முழுங்குனா செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரிங்க. முழுங்காம கெடந்து செத்தாலும் பரவால்ல."

ஆஸ்பத்திரி முடிவு பண்ணக் கூடாது

மாதம் ஒரு தடவை லிந்துலை அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிங்கள டாக்டர் எங்கள் டிஸ்பென்சரிக்கு வருவார். இளைஞர், பொறுமைசாலி, அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டே எல்லாரையும் சிரிக்கவைப்பார். நான் கங்காணியின் சங்கதியைச் சொன்னதும், கிருமி இருக்கட்டும், மூத்திரம் ஏன் தேங்குகிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டார். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே பாக்கு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, புரோஸ்டேட் என்று பெயர், வயதானால் அது வீங்கி வழியை அடைக்கும், ஆசனவாய் வழியாக விரலை விட்டுத் தடவினால் தெரிந்துவிடும் என்றார்.

இதை நான் எந்தத் தமிழில் சொல்வது? எப்படியோ சொன்னேன். கங்காணி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். குடும்பக் கட்டுப்பாட்டு வேன் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்த காலம் அது. இடுப்புக்குக் கீழே டாக்டர் கை வைத்தால் வெட்டிவிட்டுத்தான் எடுப்பார் என்று லயத்து ஆண்கள் நம்பினார்கள். பேரன் பேத்தி எடுத்த உங்களுக்கு அந்த ஆபரேஷனை எதற்கையா செய்யப் போகிறார்கள் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இனிமே எனக்குப் புள்ள வேணாந்தாங்க. ஆனா அத ஆஸ்பத்திரி முடிவு பண்ணக் கூடாது."

மூக்கு நுனியும் விரல் முட்டியும்

வீம்பெல்லாம் மழைக்காலம் வரைதான் நின்றது. ஒரு நாள் காலையில் கவ்வாத்து மலையிலேயே அவருக்கு மூத்திரம் அடியோடு நின்றுபோயிற்று. வயிறு பானையாக உப்பி, மீசை வரை வியர்த்துக் கொட்ட, தேயிலை லொறியில் போட்டுக்கொண்டு லிந்துலை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ரப்பர் குழாயைச் செலுத்தியதும் மனிதர் விட்ட பெருமூச்சு அடுத்த வார்டுக்கே கேட்டிருக்கும். அந்த நன்றியில் எதற்கும் சம்மதித்தார். டாக்டர் பரிசோதித்து முடித்துக் கையைக் கழுவினார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தன் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டி, சுரப்பி இப்படி மெத்தென்று இருக்க வேண்டும் என்றார். பிறகு கையை மடக்கி விரல் முட்டியைக் காட்டி, இவருக்கு இப்படி இருக்கிறது என்றார். புற்றுநோயாக இருக்கலாம், கண்டிக்கு அனுப்பிச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தியதால் கிருமி முற்றி இப்படி ஆயிற்றோ என்று கேட்டேன். இத்தனை முற்றியது சில மாதத்தில் வந்திருக்காது என்று சொல்லிவிட்டு, டாக்டர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடைப்பு முதலில் வந்து, தேங்கின மூத்திரத்தில் கிருமி பிடித்தது என்பதுதான் பாடம். ஆனால் அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். கிருமி அந்தச் சுரப்பிக்குள் பல வருஷம் புகைந்துகொண்டே கிடந்தால் என்ன ஆகும்? வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் ஒரே இடத்தில் அடக்கி அடக்கி, அந்த இடம் புண்ணாகிப் புற்றாவதை நாம் இந்த மலையில் எத்தனை பேரிடம் பார்க்கிறோம், உள்ளேயும் அப்படி நடக்காது என்று யார் கண்டது என்றார். அப்படியென்றால் கிருமிதான் மூல காரணமா என்று நான் பாய்ந்தேன். யாரும் நிரூபித்ததில்லை, இதை வைத்து யாரையும் மிரட்டிவிடாதே என்று எச்சரித்தார். இன்றைக்கும் டாக்டர்கள் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: "நான் சந்தேகப்படலாம், ஆனால் மருந்துச் சீட்டில் சந்தேகத்தை எழுதக் கூடாது."

நல்ல சேதி

வட்டகொடையில் ரயில் ஏறிக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சிங்களம் பேச ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். அங்கம்மா எதிர் இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் பேராதனை வரை திரும்பவே இல்லை. புருஷன் தனக்குப் பசிக்கிறது என்பதையும் என்னிடம்தான் சொன்னார், நான்தான் அங்கம்மாவிடம் சொன்னேன். அவர் ரொட்டிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

முடிவைக் கேட்க இரண்டாம் தடவை போனபோது, பெரிய டாக்டர் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். புற்றுநோய்தான், எலும்புக்குப் போக ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையால் கொஞ்சக் காலம் தள்ளலாம். வெளியே பெஞ்சில் இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் உள்ளதைச் சொன்னேன். கங்காணி தலைப்பாவை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அங்கம்மா எழுந்து என் முன்னால் வந்து நின்று, அப்படியானால் இது அந்தக் கிருமி இல்லையா என்று கேட்டார். லிந்துலை டாக்டர் மழையைப் பார்த்துச் சொன்னதெல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, இல்லை, இது புற்றுநோய், யாருக்கும் வரும், நல்லவர்களுக்கும் வரும் என்றேன்.

அங்கம்மா அந்த வராந்தாவிலேயே, வருகிறவர் போகிறவரைப் பற்றிக் கவலைப்படாமல், புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவே முகத்தில் ஒரு வெளிச்சம். இருபது வருஷ வேலையில், அந்த நோயின் பெயரைக் கேட்டு அப்படி முகம் தெளிந்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"புத்துநோயா? மாரியாத்தா, எம் புருசன் மேல தப்பில்லடி தாயே!"

கேட்காமல் இருந்திருக்கலாம்

கண்டியில் கொடுத்த மாத்திரையை அங்கம்மாவே காலையும் மாலையும் கையில் எடுத்துக் கொடுத்தார். கங்காணியும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் விழுங்கினார். அது பெண்களின் உடம்பில் ஊறுகிற சத்தை வைத்துச் செய்த மாத்திரை என்பதை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகள்கள் வந்து தங்கினார்கள். பீலியில் கிருமிப் பேச்சு அடங்கி, கங்காணியின் சத்தியத்தைப் பற்றிய பேச்சு ஓடிற்று. பாய்கள் மறுபடி ஒன்றாயின.

கால் எலும்பு வலி கூடிப் படுத்துவிட்ட பிறகு நான் லயத்துக்கே போய் ஊசி போட்டு வந்தேன். ஒரு நாள் மாலை, ஊசி போட்டு முடித்ததும், அங்கம்மாவைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு ரொம்ப முந்தி, கினிகத்தேனைப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயிருந்தபோது, கூட்டாளிகளோடு ஓர் இடத்துக்குப் போனதாகவும், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எரிச்சல் இருந்து தானாகவே போய்விட்டதாகவும் சொன்னார். ஊசி போடவில்லையாம், யாரிடமும் சொல்லவில்லையாம். அப்போது வந்த கிருமி இத்தனை வருஷம் உள்ளேயே பதுங்கிக் கிடந்து, கடைசியில் இப்படிப் புற்றாக மாறுமா என்று கேட்டார். படித்த டாக்டருக்கு வந்த சந்தேகம்! இந்த மனிதர் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் மாத்திரையைத் தள்ளிவைத்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் பாசமும் கோபமும் சேர்ந்து வந்தன. உள்ளே அங்கம்மா கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. ஆமாம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை கங்காணி என்றேன். அது சத்தியமான வார்த்தை. அவர் என் முகத்தையே பார்த்தார். நடிக்கிறவனைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண்கள். பிறகு கையை விட்டார்.

"எழுதாம இருக்கட்டுங்க டாக்டரய்யா. அவ படிக்கத் தெரிஞ்சவ."

எந்த நோயையும் மனிதன் தாங்கிக்கொள்வான், மருந்துக்காரன் அதற்கு ஒரு கௌரவமான பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால்.